ஒரு தம்முக்கும் அடுத்த தம்முக்கும் நடுவில்

நண்பன் ஒருவன் போன வருடம் தம்மை விட்டான். விட்டான் என்று முடித்துச் சொல்ல முடியாது, விட்டுக்கொண்டிருந்தான். கல்லூரி விடுதி மொட்டைமாடியில் 18 வயதில் ஆரம்பித்தது, 32 வயது வரை ஒரு நாள் தவறாமல் நடந்தது. ஒரு சாயங்காலம் டீக்கடையில் செல்போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினான். பச்சைத் திரையில் மூன்று எண்கள். புகைக்காத நாட்கள் 23. ஊதாத சிகரெட்டுகள் 276. மிச்சமான பணம் 4,968 ரூபாய்.

"ஆப் மச்சி. தினமும் ஏறிக்கிட்டே போகுது பாரு."

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அதே டீக்கடை. கையில் சிகரெட். நான் எதுவும் கேட்கவில்லை, அவனே சொன்னான்.

"ஆபீஸ்ல ஒரு பிரச்சினை. ஒண்ணே ஒண்ணுதான் அடிச்சேன். அந்த ஆப்புல நேர்மையா போட்டேன், இன்னிக்கு அடிச்சேன்னு. எல்லாத்தையும் பூஜ்யமாக்கிடுச்சு. முப்பத்தொரு நாள் மச்சி. ஒண்ணுமே நடக்காத மாதிரி பூஜ்யம். பாக்கவே புடிக்கல. ஆப்பைத் தூக்கிட்டு, கீழ எறங்கிப் போய் இன்னும் ரெண்டு வாங்குனேன்."

அந்தப் பூஜ்யம் என்னையும் உறுத்திக்கொண்டே இருந்தது. முப்பத்தொரு நாள் ஒருவன் செய்த காரியத்தை ஒரு விரல் தொடுதலில் இல்லாமல் ஆக்கலாம் என்று யார் முடிவு செய்தது? புகைப்பவருக்கு உதவி செய்யும் வேலை செயலிகளுக்கு எப்படி வந்து சேர்ந்தது? அதற்கு முன்னால் இந்த வேலையை யார் செய்துகொண்டிருந்தார்கள்? தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

*

விடுவதன் நவீன வரலாற்றை எழுதுவதென்றால் டாக்டர்களிடமிருந்து தொடங்க வேண்டும். 1950இல் ரிச்சர்ட் டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இருவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். லண்டன் மருத்துவமனைகளில் படுத்திருந்த நுரையீரல் புற்றுநோயாளிகளிடமும் மற்ற நோயாளிகளிடமும் வாழ்க்கை முறை பற்றி விசாரித்து எழுதியது. சாலையில் போடும் தாரும் மோட்டார் வண்டிகளின் புகையும்தான் காரணமாக இருக்கும் என்ற சந்தேகத்தோடுதான் டால் இந்த வேலையில் இறங்கினார். கணக்கு சிகரெட்டின் பக்கம் சாய்வதைப் பார்த்ததும் முதல் வேலையாகத் தன்னுடைய சிகரெட்டை விட்டார்.

1951இல் இருவரும் பிரிட்டனில் பதிவு செய்திருந்த மருத்துவர்கள் அனைவருக்கும், ஏறத்தாழ 60,000 பேருக்கு, கடிதம் எழுதினார்கள். நீங்கள் புகைப்பவரா, எவ்வளவு, எப்போது விட்டீர்கள் என்று சில கேள்விகள் மட்டும். 40,000க்கும் மேற்பட்டவர்கள் பதில் போட்டார்கள். அந்தப் பட்டியலில் இருந்த ஆண் மருத்துவர்களை 50 ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தது அந்த ஆய்வு. 2004இல் கடைசி அறிக்கை வந்தபோது டாலுக்கு வயது 91. தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாக 10 வருட ஆயுளை இழந்திருந்தார்கள். 60 வயதில் விட்டவர்களுக்கு அதில் 3 வருடம் திரும்பக் கிடைத்தது. 50இல் விட்டால் 6, 40இல் விட்டால் 9. 30 வயதில் விட்டவர்களுக்கு அநேகமாக முழுதும் திரும்பக் கிடைத்தது. (என் நண்பனுக்கு 32 என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.)

ஆனால் தெரிவது வேறு, விடுவது வேறு. 1954 பிப்ரவரியில் புகைக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்று பத்திரிகையாளர்களைக் கூட்டி அறிவித்த பிரிட்டனின் சுகாதார அமைச்சர் இயன் மெக்லியோட், அந்தச் சந்திப்பு முழுக்கச் சிகரெட்டை அணைக்காமல் ஒன்று மாற்றி ஒன்று பற்றவைத்துக்கொண்டே பேசினார். அமெரிக்காவில் 1964 ஜனவரி 11 அன்று தலைமை மருத்துவ அதிகாரி லூதர் டெர்ரி வெளியிட்ட அறிக்கை இன்னும் பெரியது. பங்குச் சந்தை ஆடிவிடக் கூடாது என்று சனிக்கிழமையாகப் பார்த்து வெளியிட்டார்கள். அந்த அறிக்கையில் ஒரு விசேஷம் உண்டு. சிகரெட் கொல்லும் என்று அவ்வளவு உறுதியாகச் சொன்ன அதே அறிக்கை, புகைப்பதைப் 'பழக்கம்' என்றுதான் வகைப்படுத்தியது, அடிமைத்தனம் என்று சொல்லவில்லை. ஒரு சொல்தானே என்று விட்டுவிட முடியாது. பழக்கம் என்றால் விடாமல் இருப்பது உன் மனக்குறை. "மனசு வச்சா முடியாதா?" என்று நம் வீடுகளில் கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்கு ஒரு அரசாங்க முத்திரை கிடைத்த மாதிரி ஆயிற்று.

அந்தக் காலத்தில் விட நினைத்தவருக்குக் கிடைத்த உதவியும் அந்த மாதிரியானதுதான். செவன்த் டே அட்வென்டிஸ்ட் திருச்சபையைச் சேர்ந்த வெய்ன் மெக்ஃபார்லண்ட் என்ற மருத்துவரும் எல்மன் ஃபோல்கன்பெர்க் என்ற போதகரும் 1950களின் கடைசியில் 'ஐந்து நாள் திட்டம்' என்ற ஒன்றை உருவாக்கினார்கள். தொடர்ந்து ஐந்து மாலைகள் ஒரு மண்டபத்தில் கூட வேண்டும். நிறையத் தண்ணீர் குடி, காபியையும் மதுவையும் தள்ளிவை, சாப்பிட்டதும் வழக்கமான நாற்காலியில் உட்காராதே, எழுந்து ஒரு நடை போய் வா. புகைக்க வேண்டாம் என்று நானே தேர்ந்துகொள்கிறேன் என்று ஆசை எழும்போதெல்லாம் சொல்லிக்கொள்.

இதைப் படிக்கும்போது ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் போலத்தான் தோன்றும். ஆனால் அதற்குள் ஒரு நுட்பமான விஷயம் இருந்தது. வந்தவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டார்கள். ஒருவர் மற்றவருடைய டெலிபோன் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தாங்க முடியாதபோது அவரைக் கூப்பிட வேண்டும். அவரும் அதே நாளில் விட்டவர், அவருக்கும் அதே நடுக்கம். பின்னால் வந்த அத்தனை கருவிகளும் இந்த நம்பரைத்தான் ஏதோ ஒரு வகையில் திரும்பச் செய்ய முயல்கின்றன.

*

அடுத்த திருப்பம் கடலுக்கு அடியில். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் உடலியல் ஆய்வாளராக இருந்த கிளேஸ் லுண்ட்கிரென், நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகளிடம் ஒன்றைக் கவனித்தார். கப்பலுக்குள் புகைக்க முடியாது. ஆனால் அவர்கள் வாயில் புகையிலையை அதக்கிக்கொண்டு நாட்களை ஓட்டிவிடுகிறார்கள். புகை இல்லாமல் புகையிலைச் சத்து மட்டும் போதுமென்றால், அதை வேறு வகையில் கொடுக்கலாமே? 1967இல் இதை ஹெல்சிங்போர்க் நகரத்து மருந்து நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த ஊவெ ஃபெர்னோவுக்கு எழுதினார். ஃபெர்னோ வேதியியலாளர், அதோடு விட முடியாமல் தவித்துக்கொண்டிருந்த பெரும் புகைப்பாளர். பத்து வருட உழைப்புக்குப் பிறகு நிக்கோரெட் என்ற சூயிங்கம் 1978இல் முதலில் சுவிட்சர்லாந்திலும், 1984இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது.

கம்மைவிடப் பெரியது அதற்குள் இருந்த ஒப்புதல். நிக்கோட்டின் வேண்டும் என்று உடம்பு கேட்கிறது, அது மனக்குறை அல்ல. 1988இல் எவெரெட் கூப் வெளியிட்ட தலைமை மருத்துவ அறிக்கைதான் முதல்முறையாக அமெரிக்க அரசின் பெயரில் அடிமைத்தனம் என்ற சொல்லை எழுதியது. 24 வருடம் பிடித்திருக்கிறது ஒரு சொல்லை மாற்ற. அதன் பிறகும் 1994இல் ஏழு பெரிய புகையிலை நிறுவனங்களின் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்துக்கொண்டு, நிக்கோட்டின் அடிமைப்படுத்தாது என்று நம்புவதாக ஒவ்வொருவராகச் சொன்னார்கள். யூடியூபில் இருக்கிறது, பாருங்கள்.

*

பையில் கம் இருக்கிறது, சரி. ஆனால் எந்த நொடியில் ஒருவர் தோற்கிறார்? இது கொஞ்சம் விசித்திரமான கேள்வி. ஏனென்றால் தோற்றவரிடமே கேட்டாலும் அவருக்குச் சரியாகத் தெரியாது.

இந்தக் கேள்வியை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் உளவியலாளர் சால் ஷிஃப்மன். விட்டவர்கள் தடுமாறும்போது கூப்பிடுவதற்கென்று இருந்த ஒரு டெலிபோன் சேவைக்கு வந்த 183 பேரின் அழைப்புகளை வைத்து 1982இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். நெருக்கடியின் நடுவில் இருப்பவரிடம், அல்லது அதிலிருந்து இப்போதுதான் வெளியே வந்தவரிடம் கேட்கிறார்: இப்போது எங்கே இருக்கிறீர்கள், யார் கூட, என்ன மனநிலை, என்ன செய்து பார்த்தீர்கள்? பெரும்பாலான நெருக்கடிகள் கோபத்திலோ கவலையிலோ மனச்சோர்விலோ வந்தவை. எதையாவது செய்தவர்கள், அதாவது எழுந்து வெளியே போனவர்கள், வேறு எதையாவது நினைத்துக்கொண்டவர்கள், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிகம் தப்பித்தார்கள். என்ன செய்தார்கள் என்பதைவிட, ஏதோ ஒன்றைச் செய்தார்கள் என்பதுதான் முக்கியமாக இருந்தது.

1990களில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஷிஃப்மன் இன்னொரு படி மேலே போனார். விடப்போகிறவர்கள் கையில் ஆளுக்கொரு கையடக்கக் கணினியைக் கொடுத்தார். அது ஒரு நாளில் நினைத்த நேரத்தில் பீப் அடித்துக் கேள்வி கேட்கும். ஆசை வந்தாலும், ஒன்றைப் பற்றவைத்துவிட்டாலும் அந்த இடத்திலேயே அதில் பதிய வேண்டும். ஸ்மார்ட்போன் என்ற பொருளே இல்லாத காலத்தில், இன்று நம் பையில் இருக்கும் செயலியின் எலும்புக்கூடு அங்கே தயாராகிவிட்டது. அந்தப் பதிவுகள் சொன்னதில் பாதி நமக்கே தெரியும்: பக்கத்தில் யாரோ பற்றவைப்பது, குடிப்பது, மனசு சரியில்லாதது. தெரியாத பாதிதான் சுவாரஸ்யம். சில வாரங்கள் கழித்து அதே ஆட்களைக் கூப்பிட்டு, அந்த முதல் சறுக்கல் எப்படி நடந்தது என்று கேட்டபோது, அவர்கள் சொன்னதற்கும் அன்று அவர்களே பதிந்ததற்கும் பொருத்தமில்லை. தன் தோல்வியைப் பற்றி மனிதன் பின்னால் ஒரு கதை கட்டிக்கொள்கிறான். நானும்தான்.

இதே காலத்தில் சியாட்டிலில் ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் மது அடிமைகளோடு வேலை செய்துகொண்டிருந்தார். 1985இல் ஜூடித் கோர்டனோடு சேர்ந்து அவர் வெளியிட்ட நூல், சறுக்கல் வேறு, விழுவது வேறு என்று பிரித்துக் காட்டியது. விட்டவன் ஒன்றை அடிக்கிறான். அது சறுக்கல். அதன் பிறகு அவனுக்குள் ஒன்று நடக்கிறது: நான் அவ்வளவுதான், என்னால் ஆகாது, எல்லாம் போயிற்று. மீதி பத்தொன்பதையும் அடிக்க வைப்பது முதல் சிகரெட்டின் நிக்கோட்டின் இல்லை, இந்த நினைப்புதான். சறுக்கியவனிடம் உடனே சொல்ல வேண்டியது, இது ஒரு சிகரெட், உன் முப்பத்தொரு நாள் அங்கேயேதான் இருக்கிறது என்பது.

என் நண்பனின் செயலி அதற்கு நேர் எதிரானதைச் செய்தது. மார்லட்டின் நூல் வந்து முப்பது நாற்பது வருடம் ஆகிறது.

*

2000களின் தொடக்கத்தில் செல்போன் இளைஞர்கள் கைக்கு வந்துவிட்டது, இணையம் இன்னும் அதற்குள் முழுதாக வரவில்லை. அந்த இடைவெளியில்தான் இந்த வரலாற்றின் மிக எளிய கருவி பிறந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் அந்தோணி ராட்ஜர்ஸ் தலைமையில் ஒரு குழு 1,705 புகைப்பவர்களைச் சேர்த்து, பாதிப் பேருக்குக் குறுஞ்செய்திகள் அனுப்பியது. 2005இல் வந்த அவர்கள் கட்டுரையின் தலைப்பு, 'உறவுக்குப் பிறகு தம் அடிப்பீர்களா?' என்ற பழைய ஆங்கிலக் கிண்டலைத் திருப்பிப் போட்டு, டெக்ஸ்ட்டுக்குப் பிறகு அடிப்பீர்களா என்று கேட்டது, அதுவும் எஸ்எம்எஸ் சுருக்கெழுத்தில். மருத்துவ இதழில் அப்படி ஒரு தலைப்பு வைக்கும் தைரியம் எனக்குப் பிடித்திருந்தது.

அந்தக் குழுவுக்கு ஆட்களைத் தெரிந்திருந்தது. விடும் நாளிலிருந்து ஒரு மாதம் அவர்களுக்குக் குறுஞ்செய்தி இலவசம், யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். விட்ட முதல் வாரத்தில் கைக்கு வேலை வேண்டும், நண்பர்களோடு அரட்டை வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். வந்த செய்திகள் எல்லாம் நுரையீரல் பற்றியவை அல்ல. விளையாட்டு, துணுக்கு, பொது அறிவு என்று கவனத்தைத் திருப்புபவையும் கலந்திருந்தன. மாவோரி மக்களுக்கு அவர்கள் மொழியும் மரபும் சார்ந்த செய்திகளும் போயின. ஆறு வாரத்தில், செய்தி பெற்றவர்களில் 28 சதவீதம் பேர் புகைக்கவில்லை என்றார்கள், பெறாதவர்களில் 13 சதவீதம். மாவோரிகளுக்கும் மற்றவர்களுக்கும் பலனில் வித்தியாசம் இல்லை.

'என்றார்கள்' என்பதுதான் சிக்கல். புகைப்பவன் சொல்வதை எவ்வளவு நம்புவது? ஆறு மாதத்தில் ஆட்கள் காணாமல் போனதால் அந்த ஆய்வால் அதற்கு மேல் உறுதியாகப் பேச முடியவில்லை. லண்டனில் கரோலின் ஃப்ரீ இதையே 5,800 பேரோடு பெரிதாகச் செய்து, 2011இல் லான்செட் இதழில் வெளியிட்டார். முதல் ஐந்து வாரம் தினம் ஐந்து செய்தி, பிறகு ஆறு மாதத்துக்கு வாரம் மூன்று. ஆசை வந்தால் அதற்கான ஒரு சொல்லை அனுப்பலாம், சறுக்கிவிட்டால் வேறொரு சொல். உடனே பதில் வரும். சறுக்கலுக்கென்று தனியாக ஒரு சொல்லை ஒதுக்கியிருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள், அங்கே பூஜ்யம் இல்லை. ஆறு மாதம் கழித்து விட்டுவிட்டேன் என்றவர்களின் எச்சிலைச் சோதித்தார்கள். செய்தி பெற்றவர்களில் 10.7 சதவீதம், பெறாதவர்களில் 4.9 சதவீதம்.

பத்தில் ஒருவர்தானே என்று தோன்றலாம். விட முயன்ற யாரிடமாவது கேளுங்கள், பத்தில் ஒன்று எவ்வளவு பெரிது என்று சொல்வார்கள். அதுவும் ஒரு சில பைசா எஸ்எம்எஸ்ஸில்.

*

2008 ஜூலையில் ஆப்பிள் தன் செயலிக் கடையைத் திறந்தது. அடுத்த வருடமே லாரியன் ஏப்ரம்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதற்குள் போய்ப் பார்த்தபோது, புகையை விட உதவுவதாகச் சொல்லும் 47 செயலிகள் இருந்தன. 2011இல் வந்த அவர் கட்டுரையைப் படித்தால் என் நண்பனின் பச்சைத் திரை எங்கிருந்து வந்தது என்பது புரிந்துவிடும். பணத்தையும் நாளையும் கணக்குப் போடுபவை, நாட்காட்டிகள், அறிதுயில் குரல்கள், ஒரு நாளைக்கு இத்தனை என்று படியளப்பவை. பயன் தரும் என்று அதுவரை நிரூபிக்கப்பட்டிருந்த ஆலோசனை, மருந்து, தொலைபேசி உதவி ஆகியவற்றின் பக்கம் ஆளைக் கைகாட்டியவை அநேகமாக இல்லை. ஷிஃப்மனும் மார்லட்டும் ஆக்லாந்தும் கண்டுபிடித்ததெல்லாம் ஒரு பக்கம் கிடக்க, கணக்குப் போடுவது சுலபம் என்பதால் கணக்கு உள்ளே வந்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். கழித்தல் பெருக்கல் தெரிந்த எந்த நிரலாளரும் ஒரு வாரக் கடைசியில் அதை எழுதிவிடலாம்.

2019இல் காக்ரேன் அமைப்புக்காக ராபின் விட்டேக்கர் குழு (இவரும் ஆக்லாந்துதான்) அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. குறுஞ்செய்தி விடுபவர்களின் எண்ணிக்கையை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகிறது. செயலிகளுக்கு அப்படிச் சொல்லச் சான்று போதாது. பழைய நோக்கியாவில் வேலை செய்தது ஸ்மார்ட்போனில் ஏன் செய்யவில்லை?

என் ஊகம் இதுதான். குறுஞ்செய்தி உங்களைத் தேடி வருகிறது. செயலி உங்களுக்காகக் காத்திருக்கிறது. தாங்க முடியாத அந்த நேரத்தில் போனைத் திறந்து, ஐகானைத் தேடி, உள்ளே போகும் நிதானம் இருப்பவனுக்குச் செயலியே தேவையில்லை. தேவைப்படுகிறவன் அதற்குள் பெட்டிக்கடையில் தொங்கும் கயிற்றுத் தீயில் பற்றவைத்திருப்பான். பிரிட்டனில் ஒரு புகழ்பெற்ற செயலியை வைத்து 28,112 பேரோடு ஓர் ஆய்வு நடந்தது. மூன்று மாதம் கழித்துச் செயலி வழியாகவே 'விட்டீர்களா' என்று கேட்டபோது பதில் சொன்னவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. மற்றவர்கள் தூக்கியிருப்பார்கள், என் நண்பனைப் போல.

எல்லாச் செயலியும் இப்படி என்று சொல்ல வரவில்லை. மார்லட் வேலை செய்த அதே சியாட்டிலில், ஃப்ரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜொனாதன் பிரிக்கர், ஐகேன்குவிட் என்ற செயலியை உருவாக்கினார். வழக்கமான செயலிகள் ஆசையைத் தவிர், திசைதிருப்பு என்கின்றன. இது, ஆசை வந்தால் வரட்டும், அதோடு சண்டை போடாமல் கவனி, அது எழுந்து அடங்குவதைப் பார் என்கிறது. சறுக்கினால் உன்னிடம் கொஞ்சம் இரக்கமாக இரு என்கிறது. 2,415 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு இதையும் பாதிப் பேருக்கு அமெரிக்க அரசுப் புற்றுநோய் நிறுவனத்தின் செயலியையும் கொடுத்து ஒரு வருடம் பார்த்தார்கள். 2020இல் வந்த முடிவு: 28 சதவீதம், 21 சதவீதம். இவை மறுபடியும் அவரவர் சொன்ன கணக்கு, சோதித்தது அல்ல. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு ஒரு எண். ஐகேன்குவிட்டை ஒருவர் சராசரியாக 37 முறைக்கு மேல் திறந்திருக்கிறார். மற்றதைப் பத்து முறைகூட இல்லை. திட்டாத இடத்துக்கு மனிதன் திரும்பத் திரும்பப் போகிறான் போல.

ஜப்பான் வேறு வழியில் போயிற்று. அங்கே 2020இல் அனுமதி பெற்ற கியூர்ஆப் என்ற செயலியை நீங்களாக இறக்கிக்கொள்ள முடியாது, டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வருடக் கடைசியில் அரசுக் காப்பீட்டிலும் சேர்த்துவிட்டார்கள். கூடவே ஒரு சின்னக் கருவி வரும். வீட்டில் அதில் ஊதினால் மூச்சில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடு அளவு டாக்டருக்குத் தெரிந்துவிடும். 584 பேரை வைத்து நடந்த ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு இதையும் பெற்றவர்களில் 63.9 சதவீதம் பேர் ஒன்பதாவது வாரத்திலிருந்து இருபத்து நான்காவது வாரம் வரை தொடர்ந்து புகைக்காமல் இருந்தார்கள். இது இல்லாமல் சிகிச்சை பெற்றவர்களில் 50.5. பெரிய எண்கள், ஆனால் இரண்டு பக்கத்திலும் மருந்தும் டாக்டரும் இருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. செயலி அங்கே ஒரு டாக்டரின் சந்திப்புக்கும் அடுத்த சந்திப்புக்கும் இடையே உள்ள நாட்களை நிரப்புகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இதை யாரும் பச்சைத் திரையில் காட்டுவதில்லை. 2019இல் ஓர் ஆய்வுக் குழு, மனச்சோர்வுக்கும் புகையை விடவும் உள்ள 36 முன்னணிச் செயலிகளின் தகவல் போக்குவரத்தைப் பிடித்துப் பார்த்தது. அவற்றில் 29 செயலிகள் கூகுளுக்கோ ஃபேஸ்புக்குக்கோ தகவல் அனுப்பிக்கொண்டிருந்தன. அதைத் தங்கள் கொள்கைப் பக்கத்தில் ஒழுங்காகச் சொன்னவை பாதிகூட இல்லை. ஐந்து நாள் திட்டத்தில் நீங்கள் ராத்திரி பதினோரு மணிக்கு யாரைக் கூப்பிட்டு அழுதீர்கள் என்பது அந்த ஒருவருக்கு மட்டும்தான் தெரியும்.

*

நம் நாட்டுக் கணக்கு வேறு மாதிரி. 2016-17இல் நடந்த தேசிய அளவிலான புகையிலைக் கணக்கெடுப்பின்படி வயது வந்தவர்களில் 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள். வாயில் அதக்குபவர்கள்தான் பெரும்பான்மை. புகைப்பவர்களிலும் பீடி 7.7 சதவீதம், சிகரெட் 4 சதவீதம். இருபது சிகரெட் கொண்ட பாக்கெட்டின் விலையைப் போடு, மிச்சத்தைச் சொல்கிறேன் என்று கேட்கும் செயலிக்கு, ஒரு கட்டு பீடியையும் உள்ளங்கையில் தட்டும் ஹான்ஸையும் என்ன செய்வதென்று தெரியாது. அதே கணக்கெடுப்பில், விட முயன்ற புகைப்பாளர்களில் பத்துக்கு ஏழு பேர் யார் உதவியும் இல்லாமல்தான் முயன்றிருக்கிறார்கள். இங்கே உதவி இல்லாமல் இல்லை. 2002இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு நாட்டில் 13 இடங்களில் புகையிலை நிறுத்த மையங்களைத் தொடங்கினார்கள், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அதில் ஒன்று. பெட்டிக்கடை தெருவுக்கு இரண்டு. மையம் அன்று நாடு முழுக்கப் பதின்மூன்று.

2016இல் மத்திய அரசு எம்செசேஷன் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், விடுவதற்கான குறுஞ்செய்திகள் வர ஆரம்பிக்கும். 'ஒரு மிஸ்டு கால் குடு, நான் கூப்பிடறேன்' என்று பேலன்ஸ் இல்லாத காலத்தில் நாம் கண்டுபிடித்த அந்த ஏழை மொழியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆக்லாந்திலும் லண்டனிலும் வேலை செய்த அதே குறுஞ்செய்தி, பட்டன் போனுக்கும் போகும். 20 லட்சம் பேருக்கு மேல் தாங்களாகவே பதிந்துகொண்டார்கள். இந்தியும் ஆங்கிலமுமாக அது தொடங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். மாவோரிக்காரருக்கு மாவோரியில் அனுப்பியவர்களைப் பற்றி மேலே படித்தோம்.

அதே 2016இல் டெல்லியின் வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் தேசிய இலவசத் தொலைபேசி சேவையும் தொடங்கியது. 1800-11-2356. ஆலோசகர் ஒருவர் பேசுவார், விடும் நாளைக் குறித்துக்கொள்வார், பிறகு அவர்களே திரும்பக் கூப்பிடுவார்கள். அந்த நம்பரை 2018 செப்டம்பரிலிருந்து நாட்டில் விற்கும் ஒவ்வொரு புகையிலைப் பாக்கெட்டிலும் படத்தோடு சேர்த்து அச்சிட வேண்டும் என்று சட்டம் வந்தது. எதைக் கொண்டு கெடுகிறானோ அதன் மேலேயே உதவிக்கான நம்பர். காகிதத்தில் பார்த்தால் இதைவிடச் சரியான இடம் இருக்க முடியாது.

இதை நண்பனிடம் சொன்னேன். "பாக்கெட் மேலயே நம்பர் இருக்குடா, தினமும் கையில வச்சிருந்திருக்க."

"எந்த பாக்கெட்? நான் என்னிக்கு மச்சி பாக்கெட் வாங்கியிருக்கேன்?"

உண்மைதான். பதினாலு வருடமும் அவன் வாங்கியது ஒண்ணு, ரெண்டு என்று சில்லறையில். அவன் மட்டுமா, நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தானே. பாக்கெட் கடைக்காரர் கையிலேயே இருக்கிறது. படமும் நம்பரும் அவருக்குத்தான் தெரியும்.

பெட்டிக்கடைக்குப் போனோம். "அண்ணே, காலி டப்பா ஒண்ணு இருக்குமா?" என்று கேட்டான். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கீழே குப்பைக் கூடையிலிருந்து ஒன்றை எடுத்து, ஓரத்தைத் தட்டி நீட்டினார். "காலி டப்பா எதுக்குப்பா?"

"ஒரு நம்பர் பாக்கணும்ணே."

"அதுல நம்பர் வேற இருக்கா?" என்று அவரும் எட்டிப் பார்த்தார்.

நண்பன் போனை எடுத்து, வெயிலுக்குக் கையால் மறைத்துக்கொண்டு எண்ணை ஒவ்வொன்றாக அடித்தான். பெயர் கேட்கும் இடத்தில் வந்து நின்றான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு 'தம்' என்று போட்டான்.

"ஏன்டா அந்தப் பேரு?"

"அந்த நேரத்துல எனக்கு வேற எதுவும் ஞாபகம் வராது மச்சி."